பிராட்மன் பெரியவரா, பேப் ரூத் பெரியவரா?



விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கு அருகே, அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. ஆனைக்குட்டம் அணை என்று பெயர். கோடையில் தண்ணீர் உள்வாங்கிவிட்டால் கரையோரம் காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். உடனே அங்கே மூன்று குச்சிகள் முளைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாசு ஆலைகளுக்கும் அச்சகங்களுக்கும் விடுமுறை என்பதால், அண்ணன்மார்களும் தம்பிமார்களும் சேர்ந்து காலை முதல் மாலை வரை கிரிக்கெட் ஆடுவார்கள்.

சென்ற கோடையில் ஒரு நாள் நானும் அங்கே போயிருந்தேன். கருவேல மர நிழலில் இரண்டு மாணவர்கள் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் பள்ளி நூலகத்துப் புத்தகம். இன்னொருவன் கையில் கைப்பேசி.

"பிராட்மன் சராசரி 99.94. பேப் ரூத்தோட சராசரி 0.342. வகுத்துப் பாரு, 292 வருது. அப்போ பிராட்மன் 292 மடங்கு பெரியவர்!" என்றான் முதலாமவன்.

மற்றவன் விடவில்லை. "பேப் ரூத் 714 ஹோம் ரன் அடிச்சிருக்கார். பிராட்மன் டெஸ்டில் அடிச்ச சிக்ஸர் ஆறே ஆறு. 714-ஐ 6-ஆல் வகு. 119! அப்போ ரூத்துதான் 119 மடங்கு பெரியவர்!"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "சார், நீங்க காலேஜில பிசிக்ஸ் எடுக்கிறவர்தானே? நீங்களே சொல்லுங்க, யார் சொல்றது சரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டத்திலிருந்து ஒரு பந்து பறந்து வந்து எங்களைத் தாண்டி ஓடியது. தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், பதினான்கு வயது இருக்கலாம், ஓடிப்போய் அதை எடுத்தாள். நின்ற இடத்திலிருந்தே வீசினாள். பந்து தரையில் படாமல் நேராக விக்கெட் கீப்பரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் நடந்து அளந்து பார்த்தேன். அறுபது அடி வைப்புக்குக் குறையாது. ஆட்டம் தொடர்ந்தது. அவள் ஆடுகளிடம் திரும்பிப் போனாள்.

இந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த மாணவர்களின் கேள்வியைப் பார்ப்போம்.

கணக்கு சரி, அலகு தவறு

இரண்டு மாணவர்களும் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எங்கே தவறு?

ஓர் எளிய உதாரணம் பார்ப்போம். பட்டாசு ஆலையில் மருந்தை கிலோ கணக்கில் எடை போடுவார்கள். திரியை மீட்டர் கணக்கில் அளப்பார்கள். 5 கிலோ மருந்து பெரிதா, 20 மீட்டர் திரி பெரிதா என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள் அல்லவா? 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4 வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த 4-க்கு ஒரு பொருளும் இல்லை. அலகு வேறுபட்டால் ஒப்பிட முடியாது. இது இயற்பியலின் முதல் பாடம்.

கிரிக்கெட்டில் சராசரி என்பது என்ன? எடுத்த ரன்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவது. ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் 1928 முதல் 1948 வரை 52 டெஸ்டுகளில் 80 இன்னிங்ஸ் ஆடினார். 10 தடவை ஆட்டமிழக்கவில்லை. 70 தடவை ஆட்டமிழந்தார். எடுத்த ரன்கள் 6,996. வகுத்தால் 99.94. அதாவது, ஒரு தடவை ஆட்டமிழப்பதற்குள் சராசரியாக 99.94 ரன். 1948 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் தம் கடைசி இன்னிங்ஸை ஆட வந்தபோது அவருக்கு இன்னும் 4 ரன் இருந்தால் போதும், சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாம் பந்திலேயே ரன் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார்.

பேஸ்பாலில் சராசரி முற்றிலும் வேறு சங்கதி. அங்கே மைதானம் ஒரு சாய்ந்த சதுரம் போன்றது. நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே 27.4 மீட்டர். பந்தை அடித்துவிட்டு முதல் தளத்துக்கோ அதற்கு அப்பாலோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அது ஒரு 'ஹிட்'. வேலியைத் தாண்டி அடித்துவிட்டால் நான்கு தளங்களையும் நிதானமாகச் சுற்றி வரலாம். அதுதான் ஹோம் ரன். கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆயிற்று என்பதே பேஸ்பால் சராசரி. ரூத்தின் 0.342 என்றால், ஆயிரம் வாய்ப்புகளில் 342 தடவை வெற்றி. இந்த எண் எந்தக் காலத்திலும் 1-ஐத் தாண்ட முடியாது. பத்து வாய்ப்புகளில் ஏழில் தோற்பவரைக்கூட அங்கே பெரிய ஆட்டக்காரர் என்று கொண்டாடுகிறார்கள்!

ஆக, ஒன்று 'ஆட்டமிழப்புக்கு இத்தனை ரன்'. மற்றொன்று 'வாய்ப்புக்கு இத்தனை வெற்றி'. ஒன்றை மற்றொன்றால் வகுத்தது மருந்தைத் திரியால் வகுத்த கதைதான்.

ஒரே நொடிப் பங்கு, இருவேறு வேலை

"அப்படியானால் ஒப்பிடவே முடியாது, மாங்காயும் தேங்காயும் வேறு வேறு" என்று பேச்சை முடித்துவிடுபவர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவானது நிறையவே இருக்கிறது.

பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். நொடிக்கு 41.7 மீட்டர். கிரிக்கெட்டில் ஒரு கோட்டிலிருந்து எதிர்க் கோட்டுக்கு 17.7 மீட்டர். பேஸ்பாலில் பந்து வீசுபவர் நிற்கும் பலகையிலிருந்து அடிப்பவரின் தளத்துக்கு 18.4 மீட்டர், ஆனால் அவர் ஓர் எட்டு முன்வைத்து வீசுவதால் தூரம் ஏறத்தாழ 17 மீட்டராகக் குறைகிறது. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ 0.4 நொடிதான்! கிரிக்கெட் பந்து தரையில் பட்டு எழும்போது கொஞ்சம் வேகம் இழப்பதால் இன்னும் சிறிது நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. பந்தின் எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். பேஸ்பால் சுமார் 145 கிராம்.

வேறுபடுவது வேலை. கிரிக்கெட் மட்டை தட்டையானது; 10.8 சென்டிமீட்டர் வரை அகலம் இருக்கலாம். பேஸ்பால் மட்டை உருண்டையானது; அதன் மிகப் பருத்த இடத்திலேயே விட்டம் 6.6 சென்டிமீட்டர்தான். கிரிக்கெட்டில் சுற்றிலும் எந்தத் திசையிலும் அடிக்கலாம். பேஸ்பாலில் முன்புறம் உள்ள கால்வட்டத்துக்குள் அடித்தால்தான் செல்லும். கிரிக்கெட்டில் கெட்ட பந்து வரும்வரை நல்ல பந்துகளைத் தடுத்துக்கொண்டே காத்திருக்கலாம். பேஸ்பாலில் அந்தச் சலுகை இல்லை. நல்ல பந்துகள் மூன்றைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று.

1932-ஆம் ஆண்டு ஜூலையில் பிராட்மன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது நியூயார்க் போயிருந்தார். அங்கே யாங்கி மைதானத்தில் பேப் ரூத்தோடு சேர்ந்து உட்கார்ந்து பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பார்த்தார். இரண்டு ஆட்டங்களின் மன்னர்களும் சந்தித்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் மற்றவரின் ஆட்டத்தில் போட்டிக்கு இறங்கவில்லை. ஆகவே நேரடிப் பரிசோதனைக்கு வழி இல்லை. பின் எப்படி ஒப்பிடுவது?

பத்தாம் வகுப்புக் கணக்கு கை கொடுக்கிறது

உங்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'திட்ட விலக்கம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடும் பாடம் அது. நமக்கு வேண்டிய தராசு அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே கிரிக்கெட் ஆடும் ஐந்து பேரின் சராசரிகள்: 10, 12, 14, 16, 18. இவற்றின் கூட்டுச் சராசரி 14. ஒவ்வொருவரும் 14-இலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள்? முறையே –4, –2, 0, 2, 4. இவற்றின் வர்க்கங்கள் 16, 4, 0, 4, 16. கூட்டினால் 40. ஐந்தால் வகுத்தால் 8. வர்க்கமூலம் எடுத்தால் 2.83. இதுதான் திட்ட விலக்கம். 'இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் பொதுவாக எவ்வளவு வித்தியாசம் இருக்கும்' என்பதற்கான அளவுகோல் இது.

அதே ஊரில் கபடி ஆடும் ஐந்து பேர் ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் புள்ளிகள்: 2, 3, 4, 5, 11. சராசரி 5. விலக்கங்களின் வர்க்கங்கள் 9, 4, 1, 0, 36, கூட்டினால் 50, ஐந்தால் வகுத்தால் 10, வர்க்கமூலம் 3.16.

இப்போது கிரிக்கெட்டில் முதல்வனையும் கபடியில் முதல்வனையும் ஒப்பிடுங்கள். கிரிக்கெட் வீரன் தன் கூட்டத்தின் சராசரியை விட 4 ரன் மேலே. 4-ஐ 2.83-ஆல் வகுத்தால் 1.41. கபடி வீரன் 6 புள்ளி மேலே. 6-ஐ 3.16-ஆல் வகுத்தால் 1.90. ஆகவே, 18 என்ற எண் 11-ஐ விடப் பெரிதாக இருந்தாலும், தன் கூட்டத்திலிருந்து அதிகம் உயர்ந்து நிற்பவன் கபடி வீரன்தான்!

இங்கே நடந்ததைக் கவனித்தீர்களா? ரன்னை ரன்னால் வகுத்தோம். புள்ளியைப் புள்ளியால் வகுத்தோம். அலகு அடிபட்டுப் போயிற்று. மிஞ்சியது வெறும் எண். ஒப்பு அடர்த்தி என்று படித்திருப்பீர்களே, அதற்கும் அலகு கிடையாது. தண்ணீரோடு ஒப்பிட்டுச் சொல்வதால் தங்கத்தையும் எண்ணெயையும் ஒரே பட்டியலில் வைக்க முடிகிறது. இங்கே தண்ணீருக்குப் பதிலாக, அந்தந்த ஆட்டத்தில் கூட ஆடியவர்கள்.

இந்த முறையைக் கொண்டு ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் சார்லஸ் டேவிஸ் பல விளையாட்டுகளின் தலைசிறந்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினார். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கணக்குப்படி, பிராட்மன் தம் கூட்டத்தின் சராசரிக்கு மேல் 4.4 திட்ட விலக்கம் உயரத்தில் நிற்கிறார். கால்பந்தின் பெலே 3.7. பேஸ்பாலில் முதலிடம் ரூத்துக்கு அல்ல. அடி சராசரியில் சிறந்த டை காப்புக்கு, 3.6. கூடைப்பந்தின் மைக்கேல் ஜோர்டான் 3.4. பேஸ்பாலில் ஒருவர் பிராட்மனின் உயரத்தைத் தொட வேண்டுமானால் தம் வாழ்நாள் சராசரியை 0.392 ஆக வைத்திருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். அந்த உயரத்தை எட்டியவர் இன்றுவரை இல்லை.

2,000 ரன்களுக்கு மேல் எடுத்து ஓய்வு பெற்ற டெஸ்ட் ஆட்டக்காரர்களில் பிராட்மனுக்கு அடுத்து நிற்பவர் தென்னாப்பிரிக்காவின் கிரேம் பொல்லாக். அவர் சராசரி 60.97. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பாருங்கள்!

அப்படியானால் முதல் மாணவன் வென்றுவிட்டானா? பொறுங்கள். இன்னும் மூன்று கேள்விகள் பாக்கி.

எதை அளப்பது?

முதல் கேள்வி: எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? டேவிஸ் பேஸ்பாலுக்கு அடி சராசரியை எடுத்தார். காப் முதலிடம் பெற்றார். ஆனால் அடி சராசரியில் ஒரு தளம் ஓடினாலும் ஒரு ஹிட். வேலியைத் தாண்டி அடித்தாலும் ஒரு ஹிட். ரூத்தின் தனித்திறமை அந்தக் கணக்கில் மறைந்துபோகிறது. 1927-இல் ரூத் ஒருவர் மட்டும் அடித்த ஹோம் ரன்கள் 60. அதே ஆண்டில் அதே அமெரிக்கன் லீகில் பிலடெல்பியா அணி முழுவதும் சேர்ந்து அடித்தது 56! ஹோம் ரன்னை அளவாகக் கொண்டால் வரிசை வேறாகிவிடும்.

எதை அளப்பது என்று முடிவு செய்வது கணக்கு அல்ல, நம் கருத்து. கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. யாராவது ஓர் எண்ணைக் காட்டி "கணக்கே சொல்லிவிட்டது" என்று வாயை அடைக்க வந்தால், "எதை அளந்தீர்கள், ஏன் அதை எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

கூட்டம் எப்படிப்பட்டது?

இரண்டாம் கேள்வி: ஒப்பிடும் கூட்டம் எப்படிப்பட்டது? பேஸ்பாலில் ஒரு பருவம் முழுவதும் 0.400-க்கு மேல் அடிப்பது ஒரு காலத்தில் அவ்வப்போது நடந்தது. பெரிய லீகுகளில் 1941-இல் டெட் வில்லியம்ஸ் 0.406 அடித்தார். அதன்பின் பல தலைமுறைகள் கடந்தும் அங்கே யாரும் அதை எட்டவில்லை. ஆட்டக்காரர்கள் மட்டமாகிவிட்டார்களா? இல்லை என்றார் பரிணாம உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட். ஒட்டுமொத்தச் சராசரி ஏறத்தாழ 0.260 என்ற அளவிலேயே நின்றது. ஆனால் மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது என்று காட்டினார். எல்லோரும் நன்றாக ஆடத் தொடங்கிவிட்டால் ஒருவர் மட்டும் தனியே உயர்ந்து நிற்பது கடினம்.

பிராட்மனின் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். இங்கிலாந்துக்கு எதிராக அவர் சராசரி 89.78. சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே ஆஸ்திரேலியா போன நம் அணிக்கு எதிராக, 1947-48-இல், ஐந்து டெஸ்டுகளில் 715 ரன், சராசரி 178.75! ஆள் ஒருவரே, எதிரே நிற்பவர்கள் மாறினார்கள், எண் இரட்டிப்பாயிற்று. ஆகவே 99.94 என்பது பிராட்மனை மட்டும் அளந்த எண் அல்ல. அவர் எதிரிகளையும் சேர்த்து அளந்த எண்.

கூட்டத்தில் இல்லாதவர்கள்

மூன்றாம் கேள்விதான் எனக்கு முக்கியமானது. அந்தக் கூட்டத்தில் யார் சேர்க்கப்படவே இல்லை?

டை காப்பும் பேப் ரூத்தும் ஆடிய பெரிய லீகுகளில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. எழுதப்படாத தடை. அவர்கள் தங்களுக்கென்று தனி லீகுகள் அமைத்துக்கொண்டு ஆடினார்கள். அங்கே ஜோஷ் கிப்சன் என்றொரு மாபெரும் ஆட்டக்காரர் இருந்தார். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்லின் அணிக்காகக் களமிறங்கித் தடையை உடைத்தார். கிப்சனுக்கு மூன்று மாதம் போதவில்லை.

2024 மே மாதம் அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பால் அமைப்பு ஒரு முடிவை அறிவித்தது. 1920 முதல் 1948 வரையிலான கறுப்பர் லீகுகளின் கணக்குகளும் இனி அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேரும் என்றது. என்ன ஆயிற்று தெரியுமா? வாழ்நாள் அடி சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் (0.367) இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். ஜோஷ் கிப்சன் (0.372) முதலிடத்துக்கு வந்தார். புதிதாக ஒரு பந்துகூட வீசப்படவில்லை. இருவரும் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மாறியது ஒன்றே ஒன்றுதான்: யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பது.

முன்னே சொன்ன கிரேம் பொல்லாக் ஆடியதும் வெள்ளையர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட ஓர் அணிக்குத்தான். அந்த நிறவெறிக்காகவே உலகம் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கி வைத்தது. 1970-உடன் அவர் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

அது எங்கோ நடந்தது என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பல்வங்கர் பாலூ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தீண்டாமைக்கு உள்ளான சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அவர்கள் பயிற்சி பெறுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். இடக்கைச் சுழற்பந்தில் கைதேர்ந்தார். 1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஆனால் உள்ளூரில், கூட ஆடியவர்கள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். எவ்வளவு திறமை காட்டியும் அணித் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. இந்தியா தன் முதல் டெஸ்டை 1932-இல் ஆடியபோது பாலூவுக்கு வயது 56. டெஸ்ட் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ஓர் எண்ணும் இல்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் 1909-இல் பிறந்த எம்.ஜே. கோபாலன் இரண்டு விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். 1935-இல் தியான் சந்துடன் இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து போனார். 1936-இல் ஒரு சிக்கல் வந்தது. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா? கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி பெர்லினில் ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் ஆடக்கூட வாய்ப்புத் தரவில்லை. அவர் மொத்தத்தில் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று. எடுத்த விக்கெட்டும் ஒன்றே ஒன்று. இந்த '1' என்ற எண் கோபாலனை அளக்கிறதா, அவருக்குக் கிடைத்த வாய்ப்பை அளக்கிறதா?

கடைசியாக ஒன்று. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ் 1999 முதல் 2022 வரை, 23 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடினார். ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ரன்கள், சராசரி 50.68. 2002-இல் ஒரு டெஸ்டில் 214 ரன் குவித்தார். அவ்வளவு திறமை உள்ளவருக்கு 23 ஆண்டுகளில் கிடைத்த டெஸ்டுகள் எத்தனை? பன்னிரண்டு! 24 ஆண்டுகள் ஆடிய சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்டுகள் ஆடினார். "மிதாலியின் மொத்த டெஸ்ட் ரன் 699, சச்சினுடையது 15,921, ஆகவே..." என்று யாராவது தொடங்கினால், அணைக்கரையில் 292 என்று சொன்ன மாணவனைப் போலத்தான் அவரும்.

என் கருத்து

ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அளவீட்டு அட்டவணையில் ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே சுழியை எழுதாதீர்கள். 'அளந்தேன், ஒன்றும் இல்லை' என்பது வேறு. 'அளக்கவே இல்லை' என்பது வேறு. வோல்ட்மீட்டரை இணைக்காமல் சுழி வோல்ட் என்று எழுதினால் அது பொய்.

விளையாட்டிலும் அப்படித்தான். இரண்டு ஆட்டங்களின் பெரியவர்களை ஒப்பிடலாம், ஒப்பிட வேண்டும். நல்ல கேள்வி அது. நல்ல கணக்கைக் கற்றுத் தருகிறது. எண்களை அப்படியே அடுக்காமல், தம் கூட்டத்திலிருந்து யார் எவ்வளவு உயர்ந்தார் என்று பார்த்தால், பிராட்மனின் உயரம் மற்ற எல்லோரையும் விட அதிகம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கொண்டு 'உலகிலேயே தலைசிறந்தவர்' என்ற பட்டத்தை அவருக்கோ ரூத்துக்கோ காப்புக்கோ கட்ட நான் தயாராக இல்லை. அவர்கள் 'ஆட அனுமதிக்கப்பட்டவர்களில்' தலைசிறந்தவர்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களின் எண் சுழி அல்ல, அது அளக்கப்படவில்லை.

அன்று கருவேல மர நிழலில் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. திட்ட விலக்கம் வரை வந்தேன். பையன்கள் இருவரும் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். போட்டு முடித்ததும் நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "உங்கள் குழுவில் அறுபது அடி வைப்பு தூரத்திலிருந்து கீப்பர் கைக்கு நேராக வீசக்கூடியவர் எத்தனை பேர்?"

இருவரும் யோசித்தார்கள். "ஒருத்தன் இருக்கான் சார். எங்க அண்ணன். அதுவும் எப்பவாவதுதான்."

நான் ஆடுகள் மேய்ந்த பக்கம் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கைப்பேசி வைத்திருந்தவன் மெதுவாகச் சொன்னான். "அது எங்க சித்தப்பா பொண்ணு சார். அவளை யாரும் கூப்பிட்டதில்ல."

நண்பர்களே, இந்த மாதம் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் தெருக் குழுவின் ஸ்கோர் நோட்டை எடுங்கள். ஒவ்வொருவரின் சராசரியையும், குழுவின் திட்ட விலக்கத்தையும் கணக்கிடுங்கள். யார் எத்தனை திட்ட விலக்கம் உயர்ந்து நிற்கிறார் என்று பாருங்கள். கபடிக்கோ கைப்பந்துக்கோ அதையே செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வியப்பான விடைகள் வரும்.

அதற்குப் பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, உங்கள் தெருவில் இருந்தும் இதுவரை அந்த நோட்டில் பெயர் ஏறாதவர்களின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரையாவது ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். உங்கள் அட்டவணை அப்போதுதான் நிரம்பத் தொடங்கும்.